முந்நூற்று நாற்பது மீட்டர்

விரித்த மறுகணமே
தாள் சுருண்டுகொண்டது,
தொட்ட மரவட்டை மாதிரி.
நாலு மூலையிலும் ஈயக்குண்டு வைத்தேன்.
ஐந்தாவதாகக் காபிக் கோப்பையை வைக்கப்போய்
பிரோஷ்கா போட்ட சத்தத்தில்
ஆவணக்காப்பகமே நிமிர்ந்து பார்த்தது.

டிஸா ஆற்றை வெட்டி நேராக்குவதற்கு முன்
பட்டாளத்து அளவையாளன் ஒருவன் வரைந்தது.
பெயர் எழுதவில்லை.
இடது ஓரத்தில், தூரிகை துடைத்த நீலக்கறை மட்டும்.
ஆறு அதில்
இலைக்குள் புகுந்த புழுவின் தடம்போல
வளைந்து, திரும்பி, தன் மேலேயே மோதப் பார்த்து
மனம் மாறி
மறுபடி வளைந்து போகிறது.
கடலுக்குப் போக வேண்டும் என்பதே
மறந்துவிட்டதுபோல.

ஸ்கேனரின் வெளிச்சம் ஊர்ந்து கடந்தது.
நார், மடிப்பு, பூச்சி அரித்த துளை, எல்லாம் வந்தன.
துளை ஒரு குளத்தின் நடுவில் இருந்ததால்
அரை மணி நேரம் அதைத் தீவென்று நம்பினேன்.

பிறகுதான் என் வேலை.
பழைய தாளில் ஓரிடத்தைக் குத்த வேண்டும்,
இன்றைய நிலத்தில் அதே இடத்தைக் குத்த வேண்டும்.
கல்பாலத்துக்குக் கல்பாலம்.
மூன்று பாதை கூடும் சிலுவைக்கு
அதே சிலுவை, இப்போது பெட்ரோல் பங்க்கின் நிழலில்.
காற்றாலை மேட்டுக்கு
வெறும் மேடு.
ஒவ்வொரு குத்துக்கும் தாள் இழுபட்டது,
கொடியில் ஈரத்துணியைச் சரிசெய்வதுபோல்
ஒரு முனையைப் பிடித்தால்
மறுமுனை நெளிந்தது.

பத்துப் புள்ளிகள் சொன்னபடி கேட்டன.
பதினொன்றாவது, கிஷ்ரேவ் தேவாலயம்,
முந்நூற்று நாற்பது மீட்டர் தள்ளி நின்றது.
"அளந்தவன் அன்றைக்குக் குடித்திருப்பான்"
என்றான் போல்டிஷார்.
நீக்கினேன்.
பிழையின் எண் சட்டென்று இறங்கிப் பச்சையானது.
யாரும் கேட்கப் போவதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.
கிஷ்ரேவ் என்றால் சின்னத் துறை.
படகுத்துறை.
அந்த ஊரிலிருந்து ஆற்றுக்கு ஒன்பது கிலோமீட்டர்.

மறுநாள் திருச்சபைக் கணக்கேட்டை வரவழைத்தேன்.
மெழுகுவர்த்திச் செலவு, கூரை ஓட்டுச் செலவு,
ஒரு கழுதையின் விலை.
அதற்கடுத்து, வெள்ளம் வந்த ஆண்டு:
'செங்கல்லைப் பிரித்து மேட்டுக்கு ஏற்ற
இருபத்தாறு வண்டி.
மணியை மட்டும் படகில் கொண்டுவந்தோம்.'

அளந்தவன் குடிக்கவில்லை, போல்டிஷார்.
தேவாலயம்தான் நடந்திருக்கிறது.

சனிக்கிழமை அந்தப் பழைய இடத்துக்குப் போனேன்.
சூரியகாந்தி வயல்.
கண்ணுக்கெட்டிய வரை ஒரே உயரம்,
நடுவில் மட்டும் ஒரு பட்டை
வளைந்து வளைந்து குட்டையாக, வெளிறி.
கைபேசியில் பழைய தாளைப் பாதி ஒளிபுக வைத்தேன்.
நீலக்கோடும் வெளிறிய பட்டையும்
ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

டிராக்டரிலிருந்து இறங்கி வந்தவள் பெயர் இல்கா.
நான் வரி அலுவலகத்து ஆள் இல்லை என்று தெரிந்ததும்
சிகரெட் நீட்டினாள்.
இரண்டு வசந்தங்களாக அந்தப் பட்டையில் தண்ணீர் நின்றதாம்.
காப்பீட்டுக்காரர்கள் படிவத்தில்
'அருகில் நீர்நிலை உண்டா' என்ற கேள்விக்கு
அவர்களே 'இல்லை' என்று எழுதி
இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்களாம்.
திரையை வாங்கி
அழுக்கு விரலால் பெரிதாக்கி
நெடுநேரம் பார்த்தாள்.
"இதில் முத்திரை போட்டுத் தருவீர்களா?"

பதினொன்றாம் புள்ளியை நான் திரும்பச் சேர்க்கவில்லை.
சேர்த்தால் மற்ற பத்தும் கோணிக்கொள்ளும்.
குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
பிழை அன்று. கட்டடம் இடம் மாறியது.
ஆதாரம், கணக்கேடு, படகில் வந்த மணி.
படகு எதற்கு என்று வெட்டிவிட்டாள் பிரோஷ்கா.
மீண்டும் எழுதினேன்.

இல்காவுக்கு முத்திரையோடு ஒரு பிரதி அனுப்பியாயிற்று.
மூன்றாவது மனுவோடு இணைத்திருக்கிறாளாம்.
பதில் இன்னும் இல்லை.
நேற்றிலிருந்து இங்கே மழை.